ரன்வே தயார், காற்று விடவில்லை: செயின்ட் ஹெலினா விமான நிலையம்

நெப்போலியனை 1815இல் பிரிட்டிஷார் கொண்டுபோய் வைத்த தீவு செயின்ட் ஹெலினா. தெற்கு அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேப் டவுனிலிருந்து அங்கே போக, 2017 வரைகூடக் கப்பலில் ஐந்து நாளுக்கு மேல் ஆனது.

அந்தத் தீவுக்கு விமான நிலையம் கட்ட பிரிட்டன் அரசு சுமார் 28.5 கோடி பவுண்டு செலவழித்தது. தீவே ஓர் எரிமலையின் உச்சி என்பதால் சமதளத்துக்குப் பஞ்சம். கிழக்குக் கரையோரம் ஒரு சிறு சமவெளி உண்டு, ஆனால் நீளம் போதவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளத்தாக்கில் சுமார் 80 லட்சம் கன மீட்டர் பாறையைக் கொட்டி நிரப்பி, கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலே ஏறத்தாழ 1,950 மீட்டர் நீளக் கான்கிரீட் ரன்வே போட்டார்கள். 2016 மே மாதம் திறப்பு விழா என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 18 அன்று ஒரு போயிங் 737-800 ஒத்திகை பார்க்க வந்தது. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலெழுந்து போய், சுற்றி வந்து, பிறகுதான் இறங்கியது. திறப்பு விழா தள்ளிப்போனது. உலகத்திலேயே உதவாத விமான நிலையம் இதுதான் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. கட்டுமானத்தில் குறை ஒன்றும் இல்லை. அதன் மேல் வீசும் காற்றுதான் பிரச்சினை.

இந்தத் தீவில் வருடம் முழுக்கத் தென்கிழக்கு வணிகக் காற்று வீசுகிறது. விசை அதிகம், ஆனால் நம்பகமான காற்று. திறந்த கடலில் அது ஒரே சீராக வரும். குறுக்கே செங்குத்தான பாறை வரும்போதுதான் கதை மாறுகிறது. பாலத்தூணில் மோதிய ஆற்று நீர் தூணுக்குப் பின்னால் சுழலுமே, அதே மாதிரி மலைமுகட்டைத் தாண்டிய காற்றும் மறுபக்கம் சுழன்று, கிழிந்து, இறங்கி ஏறுகிறது. 1836இல் இங்கே வந்த சார்லஸ் டார்வின் இதைக் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறார். மலை விளிம்பில் அவர் நின்ற இடத்தில் காற்றே இல்லை. சில கஜ தூரத்தில் கடற்பறவைகள் பலத்த காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. விளிம்பை நெருங்கிக் கையை நீட்டினார், முழு வேகக் காற்று கையில் அறைந்தது. அமைதிக்கும் சூறைக்கும் நடுவே இரண்டு கஜம்தான் இடைவெளி என்று எழுதி வைத்தார்.

இப்போது அந்த இடைவெளியை ஒரு விமானம் கடப்பதாக வைத்துக்கொள்வோம். இறக்கையைத் தூக்கிப் பிடிப்பது தரையைப் பொறுத்த வேகம் அல்ல, காற்றைப் பொறுத்த வேகம். காற்றைப் பொறுத்து 130 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்கி வருகிறது, அதில் 20 நாட் எதிர்க்காற்று தருவது. அந்த எதிர்க்காற்று திடீரென 5 நாட்டாகக் குறைந்தால், பல டன் எடையுள்ள விமானம் உடனே வேகம் பிடிக்காது. இறக்கை உணரும் வேகம் சட்டென 115க்கு விழும், தூக்கும் விசையும் கூடவே குறையும். ஜெட் என்ஜின் முழு விசைக்கு வரச் சில நொடிகள் வேண்டும். தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் அந்தச் சில நொடிகள் ரொம்பப் பெரியவை. விமானிகள் விண்ட் ஷியர் என்று சொல்வது இதைத்தான்.

சரி, மறுமுனையில் இறங்கினால் என்ன? ரன்வே ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் எதிர்க்காற்று கிடைக்கும், ஆனால் அந்த முனையில்தான் இந்தக் கலக்கம். தெற்கிலிருந்து வந்தால் காற்று அவ்வளவு படுத்தாது, ஆனால் முதுகுப் பக்கம் தள்ளும். 10 நாட் எதிர்க்காற்றில் தரையைத் தொடும் வேகம் 120 என்றால், 10 நாட் பின்காற்றில் அது 140. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயரும் என்பதால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் அதிகம். ரன்வே மட்டும் நீளப்போவதில்லை.

அதிலும் மழை பெய்திருந்தால் கணக்கு இன்னும் இறுகும். பொதுவான விதிப்படி, பயணிகள் ஜெட் ஒன்று உலர்ந்த ரன்வேயில் இறங்கக் கிடைக்கும் நீளத்தின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும். ஈரமென்றால் தேவைப்படும் நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து உலக அளவில் ரன்வேயை மூன்று பகுதிகளாகப் பிரித்து, எவ்வளவு வழுக்கும் என்று காட்ட ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஓர் எண் தருகிறார்கள். உலர்ந்தது 6, வெறும் ஈரம் 5, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் ஒரேயடியாக 2. அவ்வளவு தண்ணீரில் டயர் கான்கிரீட்டைத் தொடாமல் நீரின் மேலேயே வழுக்கலாம். வழுக்கல் தொடங்கும் வேகத்தை, பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) உள்ள டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கிக் கணிக்கிறார்கள். அழுத்தம் 150 என்றால் சுமார் 110 நாட். விமானம் தரை தொடுவது அதற்கு மேலான வேகத்தில்தான்!

அப்புறம் மேகம். கடலிலிருந்து ஈரக் காற்று மலை ஏறும்போது 100 மீட்டருக்கு ஒரு டிகிரி குளிர்கிறது. பனிநிலை வெப்பநிலையோ, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலையோ, மெதுவாகத்தான் இறங்கும். இரண்டுக்கும் கடல் மட்டத்தில் ஒரு டிகிரி இடைவெளி இருந்தால் சுமார் 125 மீட்டர் உயரத்தில் மேகம் பிறக்கும். மூன்று டிகிரி என்றால் 375 மீட்டர், அதாவது ரன்வேக்குக் கொஞ்சம்தான் மேலே. காற்றில் ஈரம் சற்றுக் கூடி இடைவெளி இரண்டரையை விடக் குறைந்தால் விமான நிலையமே மேகத்துக்குள் போய்விடும். கீழே கடற்கரையில் நிற்பவருக்கு வானிலை நன்றாகவே இருக்கும்.

இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே போவது? மற்ற ஊர்களில் அரை மணி நேரத் தூரத்தில் இன்னொரு ரன்வே இருக்கும். இங்கே மிக அருகில் உள்ள அசென்ஷன் தீவே சுமார் 1,300 கிலோமீட்டர். ஆகவே விமானம் தீவின் மேல் வட்டமடித்துக் காத்திருக்கவும், இறங்காமல் ஆப்பிரிக்காவுக்கே திரும்பவும் எரிபொருள் சுமந்து வர வேண்டும். 2016 நவம்பர் இறுதியில் ஓர் எம்ப்ரேயர் 190 வந்து இரு முனைகளிலும் சோதித்துப் பார்த்தது. 737ஐ விடச் சிறியது, குறைந்த நீளத்தில் நிற்கக்கூடியது. 2017 அக்டோபர் 14 அன்று வழக்கமான சேவையும் அதே வகை விமானத்தில் தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் கடலைத் தாண்டியது. எடையைக் குறைக்க, நூறு பேர் வரை உட்காரக்கூடிய விமானத்தில் 76 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முதலில் வைத்தார்கள்.