உருண்டைக்கும் ஒரு கணக்கு உண்டு

களுவாஞ்சிகுடிச் சந்தையில் விளாம்பழம் ஒன்றைக் கையிலெடுத்துச் சுழற்றிப் பாருங்கள். பந்து மாதிரித்தான் இருக்கும். ஆனால் காம்பிலிருந்து அடிவரை ஒரு அளவும் குறுக்கே ஒரு அளவும் எடுத்தால், இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துவது அபூர்வம். முழு உருண்டையைக் 'குளோபோஸ்' என்றும், சற்றே பிசகியதைச் 'சப்குளோபோஸ்' என்றும் தாவரவியலார் எழுதுவார்கள். பழத்துக்குக் கண்மதிப்பே போதும்.

காளான் பரவும் நுண்மணியான வித்திக்கு அது போதாது. நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண்ணைக்கொண்டு, 1969இல் நெதர்லாந்தின் காளான் ஆய்வாளர் கொர்னேலிஸ் பாஸ் எல்லை போட்டார்: 1.05 வரை குளோபோஸ், 1.15 வரை சப்குளோபோஸ், அதற்கு மேல் போனால் நீள்வட்ட வகைகள். அகலம் 8 மைக்ரோமீற்றர் என்றால், 8.4க்கும் 9.2க்கும் இடையில்தான் சப்குளோபோஸின் முழு ராச்சியமும். ஒரேயொரு வித்தியை அளந்து முடிவு சொல்வது வீண்வேலை. பலவற்றை அளந்து சராசரி பார்க்கவேண்டும்.

மகரந்தத்தின் கதை இன்னும் சுவையானது. பெரும்பாலான பூக்களில் அது நான்கு நான்காக ஒட்டிப் பிறக்கிறது. அந்த நால்வர் கூட்டத்தின் நடுவை நோக்கிய பக்கம் ஒரு துருவம், வெளிப்பக்கம் மற்றது. துருவத்திலிருந்து துருவம்வரையான அச்சை, நடுவில் குறுக்கே உள்ள விட்டத்தால் வகுத்தார் சுவீடனின் மகரந்த ஆய்வாளர் எர்ட்மன். ஆகவே விடை 1க்குக் கீழேயும் வரலாம்: 0.88 முதல் 1.14 வரை கிட்டத்தட்ட உருண்டை, அதற்குக் கீழே பூசணிக்காய்போலத் தட்டை, மேலே நீட்டு.

சிக்கல் தண்ணீரில். தென்னம்பூவின் மகரந்தத்தில் நீளமாக ஒரு பள்ளம் உண்டு. வெயிலில் காய்ந்தால் பள்ளத்தின் விளிம்புகள் உள்மடிந்து மூடிக்கொள்ள, மணி ஒடுங்கிவிடும். உள்ளிருக்கும் ஈரம் அதனால் தப்புகிறது. சூல்முடியின் ஈரம் பட்டதும் உப்பிவிடும். ஒரே மணிக்கு இரண்டு வடிவம்! இதற்காகவே அமிலக் கலவையில் சூடாக்கி, உள்ளீட்டைக் கரைத்து, வெறும் சுவரை அளக்கிறார்கள். செவ்வரத்தையின் மகரந்தத்தில் அப்படிப் பள்ளம் இல்லை. உடம்பெல்லாம் துளையும் முள்ளும். 100 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட அந்த உருண்டைகளைச் சாதாரண வில்லையாலேயே தனித்தனி மணியாகப் பார்க்கலாம்.

அந்தச் சுவர் லேசில் உக்காது. மட்டக்களப்பு வாவி போன்ற நீர்நிலைகளின் அடியில், காற்றுப் புகாத சேற்றில் மகரந்தம் நெடுங்காலம் கிடக்கும். ஆனால் மேலே படியும் மண்ணின் பாரம் உருண்டையைத் தட்டையாக்கிவிடும். நசுங்கிய புதைபடிவ மணியில் விகிதத்தை நம்புவதைவிட, துளைகளையும் சுவரின் செதுக்கல்களையும் பார்த்து இனம் காண்பதே மேல்.