காணாமல் போன டிஸ்க்கை உடனே பிடுங்காதீர்கள்

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து கும்பகோணத்தில் இருந்த எனக்கு அழைப்பு வந்தது. "சார், ஒரு டிஸ்க் போய்விட்டது என்று காட்டியது. கழற்றி மாட்டினேன். இப்போது எதுவுமே வரவில்லை" என்றார் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. குரல் நடுங்கியது.

அந்த சர்வரில் ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு என்விஎம்இ டிஸ்க்குகள், அதாவது ஸ்லாட்டில் செருகும் வேகமான வகை. முதல் ஸ்லாட்டின் தொடுமுனைகளில் உப்புக் காற்றின் அரிப்பு ஏறியிருந்தது. அதனால் லிங்க், அதாவது டிஸ்க்குக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு, ஒரு கணம் அறுந்து, தானாகவே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை 'டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டது. திரும்பி வந்த டிஸ்க்கைப் புதிய வரவாக வேறு பெயரில் பதிந்தது. நகல் தொகுதியோ பழைய பெயரைப் பழுது என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாவது டிஸ்க்கை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு வேகமாக மின்னிய அந்த இரண்டாவதைத்தான் தம்பி பழுது என்று எண்ணிக் கழற்றினார். எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் பாதியில் சிதைந்தது. முந்தைய இரவின் காப்புநகலை ஏற்றி, காலையில் வந்த வெளிநோயாளிகளின் பதிவுகளைச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமே இல்லை. கர்னலே ஏமாந்த இடத்தில்தான் அவரும் ஏமாந்தார்.

லினக்ஸ் கர்னலில், இத்தகைய டிஸ்க்குகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை இரண்டு பகுதிகள் கவனிக்கின்றன. ஒன்று பிழை மீட்பு. பிழை வந்தால், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவருக்குச் சொல்லி, வேலையை நிறுத்தச் செய்து, சாதனத்தை ரீசெட் செய்து, மறுபடி ஓடவிடும். இன்னொன்று ஹாட்பிளக். ஸ்லாட்டில் சாதனம் வந்ததா, போனதா என்று பார்த்து, போனால் டிரைவரை விடுவித்துப் பதிவை அழிக்கும். சிக்கல் என்னவென்றால், பிழை வந்தாலும் லிங்க் அறும், சாதனத்தைக் கழற்றினாலும் லிங்க் அறும். எதிர்பாராமல் கழற்றுவதையே வன்பொருள் ஒரு பிழையாக அறிவிப்பதும் உண்டு.

இதைக் கூர்மையாக்கியது டிபிசி (டவுன்ஸ்ட்ரீம் போர்ட் கன்டெயின்மென்ட்) என்ற வசதி. (டெல்டாவில் டிபிசி என்றால் நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வரும். இது வேறு.) திருத்த முடியாத பிழை வந்த கணமே, மென்பொருளைக் கேட்காமல், சர்வர் பக்கத்து இணைப்பு முனையான போர்ட் தன் கீழுள்ள லிங்க்கை அறுத்துவிடும். கெட்ட தரவு மேலே பரவாமல் இருக்க இது மிக நல்ல ஏற்பாடு. கரையில் உடைப்பெடுத்தால் வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்குவது போல. ஆனால் கடைமடையில் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பவருக்கு, ஆற்றிலேயே தண்ணீர் இல்லையா, உடைப்பை அடைக்க ஷட்டரை இறக்கியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? ஹாட்பிளக் பகுதி நின்றது அந்தக் கடைமடையில்தான். மீட்பு ஷட்டரை ஏற்றப் போன நேரத்தில் அது வயலையே கணக்கிலிருந்து அடித்துவிட்டது.

இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சாதனத்தில் கைவைத்தால் இன்னும் மோசம். ஒன்று பிடித்த பூட்டுக்காக மற்றது காத்திருக்கும், இரண்டும் நகராது. 120 வினாடிக்கு மேலாக ஒரு பணி முடங்கிக் கிடக்கிறது என்று கர்னல் பதிவில் வரி வந்தால், இப்படியும் இருக்கலாம் என்று பாருங்கள்.

2021-இல் வந்த 5.14 கர்னலில் இதற்கு ஓர் உடன்பாடு செய்தார்கள். லிங்க் அறுந்ததும் ஹாட்பிளக் முதலில் 'இது டிபிசி அறுத்ததா?' என்று கேட்கிறது. ஆம் என்றால் மீட்பு முடிய 4 வினாடி வரை காத்திருக்கிறது. மீண்டுவிட்டால் நடந்ததைப் பொருட்படுத்தாது. மீளாவிட்டால்தான் கழற்றியதாகக் கொள்ளும். நான் பார்த்த சர்வரில் இருந்தது அதற்கு முந்தைய கர்னல், ஆண்டுக்கணக்கில் யாரும் புதுப்பிக்காதது. வணிக லினக்ஸ் விநியோகங்கள் பழைய கர்னல் எண்ணிலேயே இந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கலாம் என்பதால், எண்ணை மட்டும் பார்க்காமல் மாற்றப் பட்டியலையும் படியுங்கள்.

கர்னல் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. பிழை கையாளும் உரிமையை பயாஸ் (சர்வரைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) தன்னிடமே வைத்துக்கொண்டு ஹாட்பிளக்கை மட்டும் கர்னலிடம் கொடுத்திருந்தால், இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே நடக்காது. சர்வர் தொடங்கும்போது எந்தெந்த உரிமைகள் கர்னலுக்குக் கிடைத்தன என்று பதிவில் ஒரு வரி வரும். புது சர்வரை வாங்கி வைக்கும் அன்றே அதைப் பார்த்துவிடுங்கள். டிரைவரும் முக்கியம். சாதனம் எட்டாதபோது படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும். அதை உண்மையான மதிப்பென்று நம்பும் டிரைவர் மீட்பையே குலைத்துவிடும்.

மூன்றாவது கை நம்முடையது. டிஸ்க் மறைந்தால் அரை நிமிடமாவது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பதிவில் லிங்க் அறுந்த வரிக்கு அருகே டிபிசி வரி இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால், ஸ்லாட்டின் பவர் கோப்பில் 0 எழுதி மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பொத்தான் உள்ள ஸ்லாட் என்றால் அழுத்தியபின் விளக்கு 5 வினாடி மின்னும்; தவறாக அழுத்தியிருந்தால் அதற்குள் மறுபடி அழுத்தி ரத்து செய்யலாம். பெயரையும் விளக்கையும் நம்பாதீர்கள், சீரியல் எண்ணைச் சரிபாருங்கள்.

அந்த மருத்துவமனையில் கர்னலைப் புதுப்பித்து, ஸ்லாட்டை மாற்றி, ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் சீரியல் எண்ணை எழுதி ஒட்டினோம். வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழைகளின் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை குறித்து வைக்கச் சொன்னேன். கார்த்திகையில் இரண்டாவது ஸ்லாட்டின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதைப் பார்த்து என்னை அழைத்தவர் அதே தம்பிதான்.