வேட்டு விழுந்தால் பந்தி

அமெரிக்காவின் வயோமிங் மாநில மலைக்காட்டில், செப்டம்பர் மாதத்தில் ஒருவர் எல்க் மானைச் சுட்டு வீழ்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிச் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. சட்டப்படி மான் அவருடையது. ஆனால் அது கடைசியில் யார் வயிற்றுக்குப் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவாக ஒரு ராத்திரி ஆகலாம். சில சமயம் ஒரு மணி நேரமே போதும்.

சிக்கல் எடையில் தொடங்குகிறது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். வண்டி போகும் பாதையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, ஒரு சரிவில் அது கிடக்கிறது. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, தோலை உரித்து, முன்னங்கால்களையும் தொடைகளையும் தனித்தனியாக அறுத்து, முதுகுக் கறியை உருவ வேண்டும். எலும்பை நீக்கினாலும் 80, 100 கிலோ கறி தேறும். 30 கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்குவதே பெரும்பாடு. அப்படியென்றால் மூன்று, நான்கு நடை. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மிச்சக் கறி காட்டிலேயே ராத் தங்கும்.

அது அங்கே கிடக்கும் செய்தி மூன்று வழிகளில் பரவுகிறது: சத்தம், பறவைகள், வாசனை.

சத்தத்தை முதலில் பிடிப்பது ரேவன். நம் அண்டங்காக்கைக்கு அண்ணன் முறை, உருவத்திலும் புத்தியிலும். ‘துப்பாக்கி வெடித்தால் ரேவன் வந்துவிடும்’ என்று வேட்டைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். க்ரோ வைட் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்து 2005-இல் எழுதினார். வயோமிங் காடுகளில் துப்பாக்கியால் சுட்டும், வேறு உரத்த சத்தங்களை எழுப்பியும், வந்த ரேவன்களை எண்ணினார். வேட்டுக்கு மட்டும் பறவைகள் கூடின. மற்றச் சத்தங்களை அவை கண்டுகொள்ளவில்லை. ரத்தமும் இல்லை, செத்த விலங்கும் இல்லை. வெறும் வெடிச் சத்தம்தான். அதை உணவோடு முடிச்சுப் போட அந்தப் பறவைகள் கற்றிருக்கின்றன.

ஒரு ரேவன் கண்டுபிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இவ்வளவு கிடைக்கும்போது ஏன் ஊரைக் கூட்ட வேண்டும், தனியாகத் தின்றால் என்ன? 1980-களில் மெய்ன் மாநிலத்தின் பனிக்காட்டில் உயிரியலாளர் பெர்ண்ட் ஹைன்ரிக் இந்தக் கேள்வியோடுதான் செத்த விலங்குகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். விடை சுவாரசியமானது. ஒவ்வொரு பகுதியும் ஒரு மூத்த ஜோடியின் ஆட்சியில் இருக்கிறது. தனியாக வரும் இளம் ரேவனை அந்த ஜோடி விரட்டிவிடும். ஆகவே இளசுகள் கத்திக் கூட்டம் சேர்க்கின்றன. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் ஜோடியால் ஒன்றும் செய்ய முடியாது. பங்கு குறையும்தான், ஆனால் பட்டினிக்கு அது மேல். தாராள மனசு என்று நாம் நினைப்பது உண்மையில் அடியாள் சேர்க்கும் வேலை. அந்தக் கத்தல் காட்டில் மற்றவர்கள் காதிலும் விழுகிறது, வட்டமிடும் கறுப்புக் கூட்டம் மற்றவர்கள் கண்ணிலும் படுகிறது.

மூன்றாவது வழி, வாசனை. ரத்த வாடைக்குக் காரணமான பொருட்களில் ஒன்றை வேதியியலாளர்கள் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அது ஒரு ஆல்டிஹைடு. ரத்தத்தில் உள்ள கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதையும்போது உண்டாவது. நாம் ‘இரும்பு வாடை’ என்று சொல்கிறோமே, அதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஸ்வீடனில் ஒரு விலங்குக் காட்சியகத்தில் இந்த ஒற்றைப் பொருளை மரக்கட்டைகளில் தடவி வேட்டையாடும் விலங்குகளிடம் கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில் சைபீரியப் புலியும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரிகிற செந்நாயும் இருந்தன. உண்மையான குதிரை ரத்தம் தடவிய கட்டைக்குக் காட்டிய அதே ஆர்வத்தை இதற்கும் காட்டின. முகர்ந்தன, நக்கின, கடித்தன. பின்னால் வந்த இன்னொரு ஆய்வில் ஓநாய்கள் இந்த வாடையை நாடி வந்தன, எலிகள் விலகின. மனிதர்களை நிற்கவைத்து முகரச் செய்தபோது உடல் தன்னையறியாமல் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தது. எலியின் பக்கம்தான் நாமும். கையில் துப்பாக்கி இருந்தாலும் மூக்கு இன்னும் இரையின் மூக்குதான் போலும்.

இந்த வாடையைச் சுமந்து போவது மலைக் காற்று. பகலில் வெயில் பட்ட சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து கனத்த காற்று ஓடைப் பள்ளங்கள் வழியே கீழே வழியும். மாலையில் விழுந்த மானின் வாசனை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கி, அதிகம் கலையாமல், அடிவாரம் வரை போகும். கீழே ஓடைக்கரையில் நிற்கும் விலங்கு திரும்பி, வாசனையைப் பிடித்துக்கொண்டே மேலேறினால் போதும். போதாததற்குக் குடல் குவியல் வேறு. மானின் எடையில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் அது. சுடச்சுட ஆவி பறக்கும். அசைபோடும் இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மான் செத்த பிறகும் நொதிக்கும் வேலையை நிறுத்துவதில்லை.

கடைசியில் வருபவர்தான் உண்மையான வாரிசு: கிரிஸ்லி என்கிற வட அமெரிக்கப் பழுப்புக் கரடி.

இலையுதிர் காலத்தில் கிரிஸ்லியின் உடம்பில் பசிக்கு அணை திறந்துவிடுகிறது. குளிர்காலம் முழுக்கக் குகையில் ஒன்றும் தின்னாமல் கிடக்க வேண்டும், ஆகையால் நாள் முழுவதும் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. வயோமிங்கின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் பகுதியில் இதற்குக் கைகொடுத்த இரண்டு உணவுகள் குறைந்துவிட்டன. யெல்லோஸ்டோன் ஏரியில் 1994-இல் கண்டறியப்பட்ட வெளியூர் டிரவுட் மீன், உள்ளூர் கட்த்ரோட் டிரவுட்டைத் தின்று தீர்த்தது. கொழுப்புச் சத்து நிறைந்த வெண்பட்டைப் பைன் விதைகள், மரங்கள் பூச்சியாலும் பூஞ்சையாலும் செத்ததால் அருகின. கறியின் மீது கரடிகளின் கவனம் கூடியதில் வியப்பில்லை.

யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. எல்லைக்கு வெளியே உண்டு. எல்க் வேட்டைக் காலம் தொடங்கியதும் நடமாட்டத்தைக் கண்காணிக்கக் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட கரடிகள் பூங்காவை விட்டு வெளியே காணப்படும் வாய்ப்பு கூடுவதை ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். பாதுகாப்பான இடத்தை விட்டுத் துப்பாக்கிகள் இருக்கும் பக்கம் கரடி போகிறது என்றால், அங்கே விட்டுச்செல்லப்படும் குடல் குவியல்கள் அந்த அளவுக்கு லாபம். கரடிகளும் வேட்டுச் சத்தத்தைக் கேட்டு வருகின்றன என்று அலாஸ்காவின் கோடியாக் தீவிலும் மான் வேட்டைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ரேவனுக்குச் செய்தது போன்ற துல்லியமான சோதனை கரடிக்குக் கடினம். காடு முழுக்க அதை எண்ண முடியாது, எண்ணப் போகிறவருக்கும் நல்லதில்லை.

வந்த கரடி என்ன செய்யும்? வயிறு நிறையத் தின்றுவிட்டு மிச்சத்தின் மேல் மண், புல், சுள்ளி எல்லாவற்றையும் வாரிப் போட்டு மூடும். மற்றவர்கள் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் அது ஓரளவு மறையும். பிறகு பக்கத்திலேயே, சில சமயம் மேட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் திரும்பிவரும் மனிதர் பார்ப்பது புதிதாக முளைத்த ஒரு மண்மேடு. கரடி கண்ணில் படாது. தன் மானைத் தேடித்தான் அவர் வருகிறார், ஆனால் கரடியின் கணக்கில் அவர்தான் திருட வருகிறவர்.

ஆகவேதான் அங்கே வேட்டைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் மறுநாள் காலையைப் பற்றியது. குடல் குவியலைக் கறியிலிருந்து தள்ளிப் போடு. கறியைத் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 4 அடி விலக்கித் தொங்கவிடு. வசதியில்லையென்றால் தூரத்திலிருந்தே தெரிகிற வெட்டவெளியில் வை. திரும்பி வரும்போது காற்றடிக்கும் திசையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வா. மேடு தெரிந்தால் கறியை மறந்துவிட்டுத் திரும்பிப் போ. அலாஸ்கா தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய அதைச் சுட முடியாது, கறிக்காகச் சுட்டேன் என்று சொல்லவே முடியாது.

கத்தியும் கையுமாகக் குனிந்திருக்கும் நேரமே ஆபத்து மிகுந்தது. 2018 செப்டம்பரில் டெட்டான் வனப்பகுதியில், முந்தைய நாள் அம்பெய்த எல்க்கை மறுநாள் தேடிப்பிடித்து அறுத்துக்கொண்டிருந்தபோது கிரிஸ்லி தாக்கியதில் வேட்டை வழிகாட்டி ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே இடுப்பில் கரடி ஸ்ப்ரே வைத்திருக்கச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்துதான், 1 முதல் 2 சதவீதம். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்தபோது, ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் தப்பியிருந்தார்கள்.

கரடியும் ரேவனும் போக மிச்சம் யாருக்கு? இங்கே ஓநாய்க்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஓநாய்கள் குளிர்காலம் முழுக்க, பரந்த நிலத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாக அடிக்கின்றன. அருகிலிருக்கும் கயோட்டி நரிகளுக்கு அதில் நல்ல பங்கு. வேட்டைக்காரர்களோ சில வாரங்களில், சில இடங்களில், மொத்தமாகச் சுடுகிறார்கள். ஒரே நேரத்தில் மலையாகக் குவியும் உணவுக்கு வெகுதூரத்திலிருந்து பறந்து வரக்கூடியவர்களே லாபமடைவார்கள்: ரேவன்களும் வெண்தலைக் கழுகுகளும். ஆய்வாளர் கிறிஸ் வில்மர்ஸ் குழுவினர் 2003-இல் யெல்லோஸ்டோன் பகுதியில் இதைக் கண்டார்கள். செத்தது ஒரே எல்க்தான், கொன்றவர் யார் என்பதைப் பொறுத்துப் பந்தியில் உட்காருபவர்கள் மாறிவிடுகிறார்கள்.

அந்தப் பந்தியில் நஞ்சும் உண்டு. ஈயத் தோட்டா எலும்பில் பட்டுச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சதைக்குள்ளும் குடலுக்குள்ளும் பாய்கின்றன. குடல் குவியலை எக்ஸ்-ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்க வல்லது, ஈயத்தை விடுமா? கரைந்த ஈயம் கால்சியம் போல வேடமிட்டு நரம்புகளுக்குள் நுழைகிறது. வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில் ரேவன்களின் ரத்தத்தில் ஈய அளவு வேட்டைக் காலத்தில் ஏறி, முடிந்ததும் இறங்கியது. 1982-இல் வெறும் 22 பறவைகளாகக் குறைந்திருந்த கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகுக்கு இன்றும் முதல் எதிரி இந்த ஈயம்தான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முழுவதுமாகத் தடை. ஜாக்சன் ஹோலில் தடை இல்லாமலே ஒரு முயற்சி நடந்தது. 2009, 2010 வேட்டைக் காலங்களில் சிதறாத செப்புத் தோட்டாவுக்கு மாறும்படி வேட்டைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாறியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே அப்பகுதிக் கழுகுகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது.