அருகில் குடியிருப்பு இல்லை

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் ‘அருகிலுள்ள குடியிருப்பு’ என்றொரு வரி தவறாமல் இருக்கும். அதற்கு நேரே தூரத்தை எழுத வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் ஆலை விரிவாக்கத்துக்கான அறிக்கையில் அந்த இடத்தில் ‘1.4 கி.மீ.’ என்று எழுதினேன். வரைபடத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். கீழே கையொப்பமும் இட்டேன்.

அடுத்த மாதம் காற்றுத் தர அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தப் போனபோதுதான் ஆலையின் பின்சுவரையொட்டி நாற்பது, ஐம்பது தகரக் கூரைகள் இருப்பதைப் பார்த்தேன். ஆலையில் மூட்டை தூக்குபவர்கள், சாம்பல் அள்ளுபவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நில ஆவணம் இல்லாத வீடுகள் என்பதால் எந்த வரைபடத்திலும் அவை இல்லை. என் பெட்டிகளைப் பார்த்து, “எதை அளக்கிறீர்கள் ஐயா?” என்று ஒரு பெண் கேட்டார். காற்றை என்றேன். கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து ஓர் உதறு உதறினார். கரித்தூள் பறந்தது. “இதற்கா இத்தனை பெட்டி?” என்றார்.

அலுவலகத்தில் மூத்தவரிடம் சொன்னேன். “அது அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்பு அல்ல, அறிக்கையில் வராது” என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. அறிக்கை அப்படியே போயிற்று. நான் எழுதிய எண்ணில் பிழை கிடையாது. ‘குடியிருப்பு’ என்ற சொல்லில்தான் பிழை.

அன்றிலிருந்து ‘சுற்றுச்சூழல் மேம்பட்டிருக்கிறது’ என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் ‘யாருக்கு?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. என் தொழிலில் அழுக்கு ஒழிவதைப் பார்த்ததைவிட இடம் மாறுவதைப் பார்த்ததே அதிகம். குப்பைக் கிடங்கு ஊருக்கு வெளியே போகும். புகைபோக்கியின் உயரம் கூடும். சாயக்கழிவு வேறு மாவட்டத்துக்கோ வேறு நாட்டுக்கோ போகும். போகிற திசை மட்டும் எப்போதும் ஒன்றுதான்: நிலம் மலிவாகவும் குரல் மெலிவாகவும் உள்ள பக்கம்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை எதுவும் இல்லாமலேயே அநீதி நுழைகிற வாசல் அது. தொடர்ந்து இயங்கும் அளவீட்டு நிலையத்துக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், திருட்டுப் போகாத மொட்டைமாடி வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அரசு அலுவலகமோ கல்லூரியோதான். மரங்கள் சூழ்ந்த, சாலையிலிருந்து உள்ளடங்கிய கட்டடங்கள் அவை. தகரக் கூரையின் மேல் யாரும் கருவி வைப்பதில்லை. அளவீடு இல்லாத இடத்தில் வரம்பு மீறலும் இல்லை. வரம்பு மீறல் இல்லையென்றால் நடவடிக்கைக்கும் அவசியமில்லை. காகிதத்தில் அந்த இடத்துக் காற்று தூய்மையாகவே இருக்கும்.

சராசரி இன்னொரு திரை. கொதிகலன் குழாய்களில் படிந்த கரியை ஊதி வெளியேற்றும் வேலையைப் பல ஆலைகள் நள்ளிரவுக்கு மேல் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தில் நுண்துகள் அளவு செங்குத்தாக எகிறும். ஆனால் அறிக்கைக்குப் போவது 24 மணி நேரச் சராசரி. மற்ற இருபத்து மூன்றரை மணி நேரம் அந்த அரைமணி நேரத்தை விழுங்கிவிடும். வாசலில் கட்டில் போட்டுத் தூங்கியவரின் நுரையீரலுக்குச் சராசரி எடுக்கத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் வழிகாட்டு அளவுகளை இறுக்கியது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றிருந்ததை 5 ஆகக் குறைத்தது. உலக மக்களில் 99 சதவீதம் பேர் அந்த வழிகாட்டு அளவுகளை மிஞ்சிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. 99 என்றதும் ஏழை பணக்காரர் எல்லோருக்கும் ஒரே காற்றுத்தானே என்று தோன்றும். வரம்பைச் சற்றே தாண்டுவதும் பத்து மடங்கு தாண்டுவதும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஜன்னலைச் சாத்திக் காற்றுச் சுத்திகரிப்பானை இயக்குபவரும், வீட்டுக்குள் விறகு எரிப்பவரும் அதே 99-இல்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் மதிப்பிடுகிறது.

லண்டனில், போக்குவரத்து நெரிசல் மிகுந்த ஒரு வட்டச் சாலையின் ஓரத்தில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். முதல் விசாரணை காற்று மாசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாய் விடவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்த கருவி, சட்ட வரம்புக்கு மேலான அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு விசாரணை மீண்டும் நடந்தது. 2020 டிசம்பரில் காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பானது. பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணத்தில் காற்று மாசு இடம்பெற்றது அதுவே முதல்முறை. ஒரு மைல் தூரத்தில் ஒரு கருவியாவது இருந்தது என்பதை நினைத்துக்கொள்கிறேன். அந்த ஆலைச் சுவரோரப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

நகரங்களின் வரைபடத்தைக் காற்றுத் திசைப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. இங்கிலாந்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். 19-ஆம் நூற்றாண்டின் நிலக்கரிப் புகை கிழக்கே போய்ப் படிந்தது. வசதி உள்ளவர்கள் மேற்கே நகர, கிழக்கு ஏழைகளுக்கானது. 70 ஆங்கில நகரங்களின் பழைய புகைபோக்கிகளைக் குறித்துவைத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், புகை அடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்தக் கிழக்கு-மேற்குப் பிளவு அழியாததைக் காட்டினார்கள். அமெரிக்காவிலும் இதே கதையை வெப்பமானி சொல்கிறது. 1930-களில் வீட்டுக் கடனுக்குத் தகுதியற்றவை என்று சிவப்பு வண்ணமிட்டு ஒதுக்கப்பட்ட பகுதிகளை 108 நகரங்களில் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். 94 சதவீத நகரங்களில் அந்தப் பகுதிகள்தாம் இன்றும் அதிக வெப்பமானவை. சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். தார் அதிகம், மரம் குறைவு.

அதே நாட்டில்தான் இதற்கெதிரான அரசியலும் பெயர் பெற்றது. 1978-இல் வட கரோலினாவில் பி.சி.பி. என்ற நச்சு கலந்த எண்ணெயைச் சுமார் 240 மைல் சாலையோரத்தில் இரகசியமாகக் கொட்டினார்கள். அந்த மண்ணை அள்ளிப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்தது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழ்மையான வாரன் மாவட்டத்தை. 1982-இல் லாரிகளை மறித்துச் சாலையில் படுத்தவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்கள் தோற்றார்கள், நச்சு மண் புதைக்கப்பட்டது. ஆனால் ‘சுற்றுச்சூழல் நீதி’ என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. 1994-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணை, அரசுத் துறைகள் அந்த நீதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அந்த ஆணை ரத்து செய்யப்பட்டது.

இப்போது என் பக்கத்துக் கதையின் மீதிக்கு வருகிறேன். ஆலை விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சுவரோரத்து மக்கள் வந்திருந்தார்கள், எதிர்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் விரிவாக்கத்தை ஆதரித்துக் கை தூக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஆர்வலர் ஒருவர் அவர்களை விலைபோனவர்கள் என்று ஏசினார். துணியை உதறிக் காட்டிய அதே பெண் எழுந்து, “ஆலை போனால் துணி வெளுக்கும். அடுப்பு எரியுமா?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆர்வலரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பசுமை அரசியல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லியிருக்கவும் செய்தது, தொடக்க காலத்தில். 1971-இல் சிட்னியின் ஹன்டர்ஸ் ஹில் என்ற வசதியான பகுதியைச் சேர்ந்த 13 பெண்கள், ஆற்றோரம் எஞ்சியிருந்த கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டைக் காப்பாற்றக் கடைசியில் போய் நின்றது கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம். ஜாக் மண்டி தலைமையிலான அந்தச் சங்கம், உள்ளூர் மக்கள் கூடி ஆதரிக்கட்டும் என்றது. கூடினார்கள். அங்கே ஒரு செங்கல்லும் வைக்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் அறிவித்தார்கள். இத்தகைய மறுப்புகள் ‘பசுமைத் தடை’ என்று பெயர் பெற்றன. பின்னர் சிட்னியிலேயே தி ராக்ஸ் என்ற பகுதியில் குறைந்த வாடகை வீடுகளை இடிக்கவும் அதே தொழிலாளர்கள் மறுத்தார்கள். காடும் வாடகை வீடும் அவர்களுக்கு ஒரே போராட்டம். 1977-இல் ஆஸ்திரேலியா சென்ற ஜெர்மன் செயல்பாட்டாளர் பெட்ரா கெல்லி இந்தத் தடைகளைக் கண்டு வியந்ததாகச் சொல்வதுண்டு. 1980-இல் ஜெர்மனியில் அவரும் சேர்ந்து தொடங்கிய பசுமைக் கட்சி சூழலியல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், அகிம்சை என்ற நான்கையும் ஒன்றாகவே அறிவித்தது. 1983-இல் 27 இடங்களோடு நாடாளுமன்றம் போனது.

சிட்னித் தொழிலாளர்களால் மறுக்க முடிந்ததற்குக் காரணம் அவர்களுக்குப் பசுமைமீது கூடுதல் பற்று இருந்ததல்ல. வலுவான சங்கம் இருந்தது, ஒரு வேலையை விட்டால் இன்னொரு வேலை கிடைத்தது. மறுக்கிற வசதி அது. சுவரோரத்துப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ‘வேலையா, சுற்றுச்சூழலா’ என்று கேட்பவர்கள் எப்போதும் இவரைப் போன்றவரிடம்தான் கேட்கிறார்கள். ஆலை முதலாளியிடம் ‘லாபமா, சுற்றுச்சூழலா’ என்று அதே கறாரோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்று பசுமை என்றாலே வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற முணுமுணுப்பு பல நாடுகளில் கேட்கிறது. அதில் பாதி வதந்தி. மீதிப் பாதியை மறுக்க முடியவில்லை. 2019-இல் உலகின் மிகச் செல்வந்தரான ஒரு சதவீதத்தினர் வெளியிட்ட கரியமில வாயு, மிக ஏழைகளான 66 சதவீதத்தினர் வெளியிட்டதற்குச் சமம் என்று ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. சலுகைகள் யாரிடம் போகின்றன? அமெரிக்காவில் 2006 முதல் 2012 வரை தூய ஆற்றலுக்குக் கொடுத்த வரிச் சலுகையில் சுமார் 60 சதவீதம் வருமானத்தில் முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்கே போயிற்று. மின்சாரக் கார்களுக்கான சலுகையில் அவர்கள் பங்கு சுமார் 90 சதவீதம். சோலார் தகடு மாட்டச் சொந்தக் கூரை வேண்டும், வரிச் சலுகை பெற முதலில் வரி கட்டும் அளவு வருமானம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் இரண்டிலும் வெளியே நிற்கிறார்.

பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலைக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். பஸ் வராத ஊர்களில் காரை நம்பி வேலைக்குப் போகிறவர்களின் எரிபொருளுக்குக் கரிம வரி கூடியது. அதே ஆண்டில்தான் செல்வ வரி நீக்கப்பட்டு, அதைவிடச் சிறிய ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, எதிர்த்தவர்களைச் சூழல் விரோதிகள் என்பது நியாயமா? ஜனவரியில் வரவிருந்த உயர்வை அரசு கைவிட்டது.

சுவிட்சர்லாந்து 2008 முதல் வெப்பமூட்டும் எரிபொருளுக்கு வரி போட்டு, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தருகிறது. தனிநபர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கிறார்கள். குறைவாக எரிக்கிற ஏழைக்கு இதில் லாபமே. ஆனாலும் 2021 ஜூனில் விரிவான காலநிலைச் சட்டம் ஒன்றை அங்கே 51.6 சதவீத வாக்காளர்கள் நிராகரித்தார்கள். திருப்பித் தரும் பணம் மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் ஓசையில்லாமல் கழிந்துபோகிறது. கையில் வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் பக்கத்தில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போங்கள். ஆனால் ‘இயற்கையைக் காப்போம்’ என்று பேசி அமர்ந்துவிடாதீர்கள், அதைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கருவி எந்தக் கூரையில் இருந்தது, காற்று எந்தப் பக்கம் வீசிய மாதங்களில் அளந்தீர்கள், மணிவாரி அளவுகள் எங்கே என்று கேளுங்கள். கழிவு இங்கே வேண்டாமென்றால் எங்கே போகும் என்று கேளுங்கள், அந்த ஊர்க்காரரைக் கேட்டீர்களா என்றும். ஆலை சுருங்கினால் தினக்கூலிகளின் வருமானத்துக்கு அறிக்கையில் எந்தப் பக்கத்தில் வழி சொல்லியிருக்கிறது என்று கேட்டால் மேடையில் சலசலப்பு வரும். வேலைநாளின் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலியை இழக்காமல் வரக்கூடியவர் யார் என்பதையும் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தூய்மையான, ஆரோக்கியமான சூழலை மனித உரிமையாக ஐ.நா. பொதுச் சபை 2022 ஜூலை 28 அன்று 161 வாக்குகளோடு ஏற்றது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. அது நீதிமன்றத்தில் ஆயுதமாகுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தடையில்லை.

நான் இப்போதெல்லாம் வரைபடத்தைத் திறக்கும் முன் சுவரைச் சுற்றி ஒருமுறை நடக்கிறேன். அறிக்கையில் ‘அருகிலுள்ள குடியிருப்பு’ என்ற வரிக்குக் கீழே ‘சுவரையொட்டி வசிப்போர்’ என்று ஒரு வரியைச் சேர்க்கிறேன். பெரும்பாலும் திட்டக்காரர்கள் அதை அடித்துவிடுகிறார்கள். போன முறை எப்படியோ தப்பி அனுமதி வழங்கும் அலுவலகம் வரை போயிற்று. ‘ஆவணத்தில் இல்லாதவர்களை எந்த ஆதாரத்தில் சேர்த்தீர்கள்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கொடியில் உலரும் துணிகளைப் படமெடுத்து, வீட்டுக்கு ஒன்றாக இணைத்து அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை.