ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு அனுப்பும் சேலத்துக்காரர்கள் கவனிக்க: அந்த ஐந்து சதவீதம் யார் பையில் மிச்சமாகிறது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் எதற்குள் நுழைந்தாலும் காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் ஓங்கி நிற்கும். அவற்றில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கும். சேர்வராயன் மலையிலேயே முளைத்து வளர்ந்த இனம் போலத் தோன்றும் அந்த மரத்தின் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. அங்கிருந்து இங்கே வந்தது அப்படி வேரூன்றிவிட்டது. இங்கிருந்து அங்கே போகும் சரக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தியா–ஆஸ்திரேலியா பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி வட்டாரத்தில் இதை 'எக்டா' என்றே சொல்கிறார்கள். இரு நாட்டு உறவு அதைவிடப் பழையது. சுதந்திரத்துக்கு முன்பே, 1941இல், சிட்னியில் இந்தியாவின் வர்த்தக அலுவலகம் திறக்கப்பட்டது. 2020 ஜூனில் இரு நாடுகளும் தங்கள் உறவை விரிவான வியூகக் கூட்டுறவு என்ற நிலைக்கு உயர்த்தின. தலைவர்கள் கைகுலுக்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அம்மாபேட்டையில் துண்டு நெய்பவருக்கும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவருக்கும் அந்தக் கைகுலுக்கலில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

கிடைப்பது இதுதான். இந்தியாவிலிருந்து போகும் ஜவுளி, ஆயத்த ஆடை, தோல் பொருள், நகை போன்றவற்றில் பலவற்றுக்கு ஆஸ்திரேலியா முன்பு ஐந்து சதவீதம் வரை சுங்கத் தீர்வை வாங்கியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே அந்த நாட்டின் சுங்கப் பட்டியலில் 98.3 சதவீத இனங்களுக்கு அது பூஜ்யம் ஆனது. மீதி இனங்களுக்குப் படிப்படியாகக் குறைந்து, 2026 ஜனவரி 1 முதல் எல்லா இனங்களுக்கும் தீர்வை இல்லை.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அரசு ஏதோ மானியம் தருகிறது, நம் வங்கிக் கணக்கில் வந்து விழும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு காசும் வராது. தீர்வையைக் கட்டுவது அங்கே சரக்கை இறக்குமதி செய்பவர். ஆகவே மிச்சமும் அவருக்குத்தான். ஆனால் அவருக்கு அந்த மிச்சம் கிடைக்க ஒரு காகிதம் வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியவர் நீங்கள். சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் அதுதான் பிறப்பிடச் சான்றிதழ். காகிதம் உங்கள் கையில், மிச்சம் அவர் கையில் என்று இருக்கும்போது, விலை பேசுகையில் இதைச் சொல்லாமல் விடுவது நட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்ச ரூபாய் மதிப்புள்ள டவல்களும் படுக்கை விரிப்புகளும் போகின்றன என்று வையுங்கள். இது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, ஏற்றுமதியாளர்கள் எஃப்.ஓ.பி. என்பார்கள். ஆஸ்திரேலியா இந்த விலையின் மேல்தான் தீர்வை கணக்கிடுகிறது. கப்பல் கூலியும் காப்பீடும் 60,000 ரூபாய் என்று கொள்வோம். சான்றிதழ் இல்லாவிட்டால் ஐந்து சதவீதத் தீர்வை 50,000 ரூபாய். அதற்கு மேல் அந்த நாட்டின் ஜி.எஸ்.டி. பத்து சதவீதம் உண்டு. சரக்கு விலை, தீர்வை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, அந்த 11,10,000 ரூபாயின் மேல் போட்டால் 1,11,000. சான்றிதழ் இருந்தால் தீர்வை இல்லை; ஜி.எஸ்.டி. 10,60,000 ரூபாய்க்கு மட்டும், அதாவது 1,06,000. மொத்த வித்தியாசம் 55,000 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறுவார் என்பதால் அவருக்கு நிஜமான மிச்சம் 50,000 ரூபாய் தீர்வைதான். அதில் பாதியையாவது உங்கள் விலையில் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பார்ட்டி போய்விடுவார் என்ற பயம் தேவையில்லை. சான்றிதழ் தராத இன்னொருவரிடம் வாங்கினால் அவருக்குத்தான் கூடுதல் செலவு.

ஜி.எஸ்.டி.யை இந்த ஒப்பந்தம் தொடவில்லை என்பதையும் இதிலேயே கவனித்திருப்பீர்கள். 'எல்லா வரியும் போய்விட்டது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். மெல்போர்னில் இருக்கும் சித்தி மகளுக்கு இரண்டு ஜோடிக் கொலுசு அனுப்புவதற்கு இந்தச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டியதில்லை. மது, புகையிலை தவிர, 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அங்கே பொதுவாகவே தீர்வை கிடையாது. இல்லாத தீர்வைக்கு விலக்கு எதற்கு? ஒப்பந்தம் உதவுவது மூட்டை கட்டிப் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு.

எது 'நம்ம சரக்கு'?

சேலத்திலிருந்து போவதாலேயே ஒரு பொருள் இந்தியப் பொருள் ஆகிவிடாது. ஒப்பந்தத்தின் கடினமான பகுதி இதுதான். மற்றதெல்லாம் படிவம் நிரப்பும் வேலை.

இந்த மண்ணிலேயே விளைந்தது, அல்லது இங்கே விளைந்ததை மட்டும் கொண்டு செய்தது என்றால் கேள்வியே இல்லை. ஏற்காட்டுக் காப்பியும் மிளகும் அப்படிப்பட்டவை. ஆத்தூர்ப் பக்கம் விளையும் குச்சிக் கிழங்கிலிருந்து சேகோ ஆலையில் எடுக்கும் ஜவ்வரிசியும் அப்படித்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்குப் பிறப்பிடம் எது என்று யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆனால் ஒன்று: புவிசார் குறியீடு வேறு, பிறப்பிடச் சான்றிதழ் வேறு. முன்னது பெயரைக் காக்கும்; பின்னது தீர்வையைக் குறைக்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பலனைக் கேட்க முடியாது.

வெளிநாட்டு மூலப்பொருள் கலந்தால் கணக்கு வருகிறது. ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு சோதனைகளை வைக்கிறது. வெளியிலிருந்து வந்த மூலப்பொருள் இங்கே நடந்த வேலையால் வேறு பொருளாக மாறியிருக்க வேண்டும். சுங்கப் பட்டியலின் ஆறு இலக்க எண்ணே மாற வேண்டும். அதோடு பொருளின் எஃப்.ஓ.பி. மதிப்பில் குறிப்பிட்ட பங்கு இங்கே சேர்ந்ததாக இருக்க வேண்டும். இங்கே சேர்ந்த மூலப்பொருள், கூலி போன்றவற்றைக் கூட்டிப் பார்க்கும் கூட்டல் முறையில் கணக்கிட்டால் 35 சதவீதம், மொத்த மதிப்பிலிருந்து வெளிநாட்டு மூலப்பொருளின் மதிப்பைக் கழித்துப் பார்க்கும் கழித்தல் முறையில் கணக்கிட்டால் 45 சதவீதம். பல பொருள்களுக்கு இந்தப் பொது விதிக்குப் பதிலாகத் தனி விதி உண்டு. அது ஒப்பந்தத்தின் இணைப்பில் பொருள்வாரியாக இருக்கும்.

சீனப் பட்டு நூல் வாங்கி இங்கே வெண்பட்டு வேட்டி நெய்தால், நூல் துணியாகிறது, எண் மாறுகிறது. நெய்கூலி, சாயம், லாபம் எல்லாம் சேர்த்து மதிப்புப் பங்கு தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே சீனத்திலிருந்து துணியாகவே வாங்கி, இங்கே மடித்து, அட்டைப்பெட்டியில் போட்டுச் சேலத்து லேபிள் ஒட்டினால் அது இந்தியப் பொருள் ஆகாது. மடிப்பதும் பொதிவதும் உற்பத்தி இல்லை.

கொலுசுதான் சிக்கலான இனம். நம் ஊரின் பெருமையும் அதுவே என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பட்டறையில் ஒரு கொலுசுக்கு எத்தனை கை வேலை என்பது அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். கம்பி இழுப்பவர், பூ வைப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று அது கை மாறிக்கொண்டே போகும். ஆனால் விலைச் சீட்டைப் பார்த்தால் பெரும்பங்கு வெள்ளியின் விலை. கூலி சிறு பங்குதான். இந்தியா பயன்படுத்தும் வெள்ளியில் பெரும்பகுதி இறக்குமதி. கட்டி வெள்ளி 7106 என்ற எண்ணிலிருந்து நகையாகி 7113க்கு மாறுவதில் தடையில்லை. மதிப்புப் பங்கில்தான் இடறும். ஆகவே கொலுசு அனுப்புகிறவர் பொது விதியை வைத்து மனக்கணக்குப் போட்டு விலை சொல்லிவிடாமல், 7113 என்ற எண்ணுக்கு இணைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சுங்க முகவரிடம் கேட்டு, வரி வரியாகப் படித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளி வாங்கிய பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் சரிபார்ப்பு வந்தால் கேட்கப்படுவது அவைதான்.

சான்றிதழ் வாங்கும் வழி

இது இணையத்தில் நடக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் மின்னணு பிறப்பிடச் சான்றிதழ்த் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற அமைப்புகள் சரிபார்த்து வழங்கும். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், உற்பத்திச் செலவு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் சிறு பிழைகளில்தான். இன்வாய்ஸில் 'காட்டன் டவல்' என்றும் விண்ணப்பத்தில் 'டெரி டவல்' என்றும் இருக்கும். எச்.எஸ். எண், அதாவது சுங்கப் பட்டியல் எண், ஒன்றில் ஒரு மாதிரி, மற்றொன்றில் வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு உற்பத்தியாளர், சரக்கு கப்பலேறிய பிறகுதான் சான்றிதழ் நினைவு வந்து ஓடினார். சரக்கு போன பிறகும் சான்றிதழ் தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதற்குள் வாங்குபவர் தீர்வையைக் கட்டிச் சரக்கை எடுத்துவிட்டார். அதைத் திரும்பப் பெற அவர் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆர்டரில் விலை பேசும்போது அந்த எரிச்சல் வெளிப்பட்டது. கப்பல் கிளம்பும் முன்பே காகித வேலையை முடித்துவிடுவது உறவுக்கும் நல்லது.

சரக்கு தூத்துக்குடியிலிருந்து கிளம்பிக் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேறு கப்பலுக்கு மாறுவது சாதாரணம். அதனால் சலுகை போய்விடாது. ஆனால் அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது, பிரித்து வேலை ஏதும் நடக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒரே கப்பல் ரசீது இருந்தால் பேச்சே எழாது.

தீர்வை போனாலும் போகாத வாசல்

சேலத்து மாம்பழத்தைச் சிட்னியில் விற்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: தடை தீர்வையில் இல்லை, பழ ஈயில் இருக்கிறது. உயிரிப் பாதுகாப்பில் ஆஸ்திரேலியா மிகக் கறாரான நாடு. வர்த்தக ஒப்பந்தம் அந்த விதிகளைத் தளர்த்துவதில்லை. காப்பி, மிளகு, ஜவ்வரிசி, பழம் என்று எதை அனுப்பினாலும் அந்த நாட்டு வேளாண் துறையின் 'பைகான்' தளத்தில் பொருளின் பெயரைப் போட்டு நிபந்தனையைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். வறுத்த காப்பிக்கு ஒரு நிபந்தனை, பச்சைக் கொட்டைக்கு வேறு நிபந்தனை இருக்கலாம். சரக்கை மரப்பெட்டியிலோ மரத்தட்டிலோ வைத்து அனுப்பினால் அந்த மரமும் முறைப்படி பதப்படுத்தப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். கொலுசுப் பெட்டி சுத்தமாக இருந்தும் அடியில் வைத்த மரத்தட்டால் சரக்கு நிற்க முடியும்.

அங்கிருந்து வருவது

ஒப்பந்தம் இருவழிப் பாதை. ஆஸ்திரேலிய நிலக்கரிக்கு இருந்த 2.5 சதவீதத் தீர்வையை இந்தியா நீக்கியது. கம்பளிக்கும் தீர்வை போயிற்று. மசூர் பருப்புக்கும் பாதாமுக்கும் அளவு வரம்புக்குள் சலுகை உண்டு. பருத்திக்கும் குறிப்பிட்ட அளவு வரை தீர்வை இல்லை. நம் பகுதி நூற்பாலைகளுக்கு இது உதவும்.

பால் ஊற்றும் விவசாயிகள் அஞ்ச வேண்டியதில்லை. பாலும் பால் பொருள்களும் சலுகைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அரிசி, கோதுமை, சர்க்கரை, கொண்டைக்கடலை ஆகியவையும் தங்கம், வெள்ளி, நகைகளும் அப்படியே வெளியே நிறுத்தப்பட்டுள்ளன.

இளைஞர்களுக்கு ஒரு வரி

இந்த ஒப்பந்தத்தை ஒட்டி, இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பேர் வரை 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா தரப்படுகிறது. வயது 18 முதல் 30 வரை. முதலில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பாஸ்போர்ட்டும் பான் எண்ணும் தேவை. குலுக்கலில் பெயர் வந்தவர்கள் மட்டுமே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். தேர்வு கணினிக் குலுக்கலில் நடப்பதால் 'சீட் உறுதி' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் எதை உறுதி செய்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இது ஓராண்டு தங்கி, ஊர் சுற்றி, இடையில் வேலையும் பார்க்கலாம் என்ற விசா. குடியேறும் அனுமதியாக இதை எண்ணி நிலத்தை விற்றுவிட வேண்டாம்.

இத்தனையும் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஐ.இ.சி. எண்ணில். ஏற்றுமதி இறக்குமதிக்கான அடையாள எண் அது. உங்கள் பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். சிறு அளவில் அனுப்புகிறவர்கள் அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' வழியாகவும் அனுப்பலாம். எண்ணை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் தளத்தில் நுழைந்து விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் 'மாற்றம் இல்லை' என்று பதிய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆர்டர் வரும். சேலத்துக் கடைவீதியில் மாம்பழம் குவிந்து கிடக்கும் மாதங்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தேதி தவறாது.