கோள்: சொல்லும் பொருளும்

"அவனை எந்தக் கிரகம் பிடித்ததோ" என்று எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் சலித்துக்கொள்ளும்போது, அந்தச் சொல்லின் வேர்ப்பொருளைத் தம்மை அறியாமலேயே விளக்கிவிடுகிறார்கள். கிரகம் என்பது பற்றுதல், பிடித்தல் எனப் பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். கிரகணம் என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். அதற்கு நேரான தமிழ்ச் சொல் கோள்.

கொள் என்னும் வினையின் முதல் எழுத்து நீண்டு கோள் ஆயிற்று. கெடு என்பது கேடு என்றும், பெறு என்பது பேறு என்றும் ஆவதைப் போன்ற இத்தகைய பெயரை இலக்கணத்தார் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். மேற்கோள், குறிக்கோள் ஆகியவற்றில் இருப்பதும் இந்தக் கோள்தான். பலர் இதைக் கோளம் என்பதோடு சேர்த்து, "உருண்டையாக இருப்பதால் கோள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது பிழை. கோளம் வடமொழி வழி வந்த வேறு சொல். கதிரவனிடமிருந்து ஒளியைக் கொள்வதால் கோள் என்று கூறும் விளக்கமும் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது அறிவியலைக் கற்றபின் சொல்லுக்குள் ஏற்றிய பொருள் என்றே நான் கருதுகிறேன்.

சொல்லின் பழமைக்குப் பட்டினப்பாலையே சான்று. நீல நிற வானில் வலமாக எழுந்து திரியும் 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று அதில் ஓர் உவமை வருகிறது. நாண்மீன் என்பது அசுவினி, கார்த்திகை, ரோகிணி முதலிய நாள்மீன், அதாவது நட்சத்திரம். கோண்மீன் என்பது அவற்றினிடையே இடம் பெயரும் கோள்மீன். இரண்டும் கண்ணுக்கு மீனாகவே தெரிந்தாலும் வேறுவேறு இனம் என்பதைப் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். வானியலைப் புதிதாகக் கற்க வருபவர் முதலில் பழக வேண்டியதும் இந்தப் பிரிவினைதான். கார்த்திகைக் கூட்டத்தின் மீன்கள் தமக்குள் உள்ள இடைவெளியை நம் வாழ்நாளில் மாற்றிக்கொள்வதாகத் தெரிவதில்லை. வியாழனோ சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டும், சனி ஏறத்தாழ 29½ ஆண்டும் எடுத்துக்கொண்டு, அந்த மீன்களின் பின்னணியில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை குருப்பெயர்ச்சியும் இரண்டரை ஆண்டுக்கொரு முறை சனிப்பெயர்ச்சியும் வருவதன் கணக்கு இதுவே: சுற்றுக்காலத்தை 12 ராசிகளால் வகுத்தால் போதும். கிரேக்கர்கள் இந்த நகர்வையே பார்த்து 'அலைபவை' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தின் பிளானெட் அதிலிருந்து வந்தது.

அப்படியானால் கிரகம் என்றே எழுதினால் என்ன? பஞ்சாங்கத்தின் ஒன்பது கிரகங்களில் விண்மீனாகிய சூரியனும், பூமியின் துணைக்கோளாகிய சந்திரனும், பருப்பொருளே இல்லாத ராகு கேதுவும் அடங்கும். நாம் நிற்கும் பூமி அடங்காது. வானியல் கூறும் எட்டுக் கோள்களிலோ பூமி மூன்றாவது. 1781-இல் கண்டறியப்பட்ட யுரேனசும் 1846-இல் கண்டறியப்பட்ட நெப்டியூனும் கடைசி இரண்டு. 1930-இல் கண்டறிந்த புளூட்டோ 2006-இல் குறுங்கோள் என வகைமாற்றப்பட்டது. இருவேறு பட்டியல்களுக்கு ஒரே பெயர் இருந்தால் மாணவர் குழம்புவது இயல்பு. ஆகவே பஞ்சாங்கத்துக்குக் கிரகமும் வானியலுக்குக் கோளும் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்குள்ள வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, அதை உருவாக்கப் பாடுபட்ட வைணு பாப்புவின் பெயரை 1986 முதல் தாங்கி நிற்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு அங்கே, பார்வையாளர்களுக்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் நான் சனியைப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு மங்கிய மஞ்சள் புள்ளியாக இருந்தது, கண்ணாடிக்குள் வட்டத் தட்டாகி, அதைச் சுற்றி வளையம் தனியாகப் பிரிந்து நின்றது. பக்கத்திலிருந்த விண்மீனோ எவ்வளவு பார்த்தாலும் புள்ளியாகவே இருந்தது. கோள்மீன், நாண்மீன் என்ற வேற்றுமையை அன்றுதான் என் கண்ணால் கண்டேன்.

இதே காவலூரில், அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த 1988-ஆம் ஆண்டில், வானியலாளர் ராஜமோகனும் அவருடைய குழுவினரும் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தனர். 4130 என்னும் எண்ணைப் பெற்ற அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. இவ்வகைப் பொருள்களில் முதலாவதான சீரிஸ் 1801-இல் கண்டறியப்பட்டபோது தொலைநோக்கியில் அது புள்ளியாகவே தெரிந்ததால், மறு ஆண்டே வில்லியம் ஹெர்ஷல் 'விண்மீன் போன்றது' என்னும் பொருளில் அஸ்டிராய்டு என்ற பெயரை முன்வைத்தார். அது தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர். அவை விண்மீன் போன்றவை அல்ல. சூரியனைச் சுற்றிவரும் பாறைகளும் உலோகத் துண்டுகளுமே. அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே தமிழுக்கு வந்திருக்கும். சிறுகோள் என்பது பொருளின் இயல்பை அறிந்து அமைத்த சொல்.