ஒரே குழாய், இரண்டு மணம்: வெயில் பட்ட பீருக்கு நேர்வது என்ன?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரின் வில்லாமெட் ஆற்றங்கரையை ஒட்டி டாம் மெக்கால் பூங்கா நீண்டு கிடக்கிறது. அங்கே 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓரிகன் ப்ரூவர்ஸ் ஃபெஸ்டிவல் என்னும் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் தத்தம் பாணியில் வடிக்கும் பீர்) விழாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதக் கடைசியில், நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். குவளையையும் மரத்தால் ஆன டோக்கன்களையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகச் சென்று சுவைத்துப் பார்ப்பதே அவ்விழாவின் முறையாக இருந்தது. பிற்பகலில் எங்களுள் இருவர் ஒரே குழாயிலிருந்து, ஒரு நிமிட இடைவெளியில், பேல் ஏல் என்னும் ஒரே வெளிர்நிறப் பீரைப் பிடித்துவந்தனர். ஒருவர் கூடார நிழலில் அமர்ந்துகொண்டார். மற்றவர் ஆற்றைப் பார்த்தபடி புல்தரையில் வெயிலில் கால் நீட்டிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துக் குவளைகளை மாற்றி முகர்ந்தபோது நிழலில் இருந்தது பம்பளிமாஸ் தோலைக் கீறியதுபோல் மணத்தது. வெயிலில் இருந்ததோ கருகிய ரப்பரும் ஊசிப்போன பூண்டும் கலந்தாற்போல் நாறியது.

வெயிலில் சூடேறிக் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். குவளையைச் சரியாக அலசவில்லை என்றார் இன்னொருவர். எங்களுடன் வந்திருந்த வேதியியல் ஆசிரியை மட்டும், சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது ஒளி செய்த வேலை என்று உறுதியாகச் சொன்னார். அதை அங்கேயே சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி சொன்னார். சோதனைக்கு முன், பீரில் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்றத்தின் மூலப்பொருள் அந்தக் கசப்புதான்.

பீரின் கசப்பும் பெரும்பாலான நறுமணமும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்திலிருந்து வருகின்றன. அக்கொத்தின் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறப் பிசின்துகள்கள் உண்டு. அவற்றில் ஆல்பா அமிலங்கள் என்னும் சேர்மங்களும் மணமூட்டும் எண்ணெய்களும் இருக்கின்றன. ஆல்பா அமிலம் நீரில் எளிதில் கரையாது, தன்னளவில் அவ்வளவாகக் கசக்கவும் செய்யாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வடிநீருடன் ஒரு மணி நேரம்போல் கொதிக்கும்போது அதன் மூலக்கூறு, ஓர் அணுவைக்கூட இழக்காமல், வடிவம் மட்டும் மாறி ஐசோ-ஆல்பா அமிலம் ஆகிறது. நாக்கில் நாம் உணரும் கசப்பு இதனுடையதே. மண எண்ணெய்கள் கொதியில் ஆவியாகிப் போய்விடும் என்பதால், மணத்துக்கான ஹாப்ஸைக் கொதி அடங்கும் தறுவாயிலோ நொதித்த பின்போ சேர்ப்பது வழக்கம். பம்பளிமாஸ் மணத்துக்குப் பேர்போன கேஸ்கேட் ஹாப்ஸ் அமெரிக்க வேளாண் துறையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் கோர்வாலிஸ் நகரில் நடத்திய இனவிருத்தித் திட்டத்தில் உருவாகி, 1972இல் பயிரிட வெளியிடப்பட்டது. அமெரிக்கக் கிராஃப்ட் பீருக்கு இன்றுள்ள முகத்தைக் கொடுத்ததில் இந்த ஒரு செடிக்குள்ள பங்கு மிகப் பெரிது என்பது என் கருத்து.

இனி ஒளியின் வேலைக்கு வருவோம். ஒளி பட்ட பீர் நாறுகிறது என்பதை ஜெர்மானிய வேதியியலர் கார்ல் லின்ட்னர் 1875ஆம் ஆண்டிலேயே குறித்திருக்கிறார். ஆயினும் ஐசோ-ஆல்பா அமிலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை. தெளிவான குவளையில் அதன்மேல் நீல ஒளி விழுந்தால் ஒன்றும் ஆகாமல் கடந்து போக வேண்டும். இடையில் தரகு பார்ப்பது ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. மால்ட்டிலிருந்து பீருக்குள் சிறிதளவு வந்துசேரும் இந்த மஞ்சள் நிறப் பொருள் நீல ஒளியையும் அருகிலுள்ள புறஊதாக் கதிரையும் ஆவலோடு உறிஞ்சும். ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியடைந்த ரிபோஃப்ளேவின் மூலக்கூறு அந்த ஆற்றலை வைத்துக்கொள்ள முடியாமல், பக்கத்தில் மிதக்கும் ஐசோ-ஆல்பா அமிலத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. நிலை குலைந்த அமிலத்தின் பக்கச் சங்கிலி ஒன்று அறுந்து, கார்பன் மோனாக்சைடை உதிர்த்துவிட்டு, ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு துண்டாகத் தனித்து நிற்கிறது. பார்லியின் புரதங்களில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றிலிருந்து வரும் கந்தகம் இந்தத் துண்டோடு சேர்ந்ததும் 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்னும், கந்தகம் கொண்ட தயால் வகைச் சேர்மம் பிறக்கிறது; அந்த நாற்றம் இதனுடையதே. அறுபடும் துண்டுகள் எவை, எந்த வரிசையில் அறுபடுகின்றன என்பதை அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்கம் ஃபோர்ப்ஸும் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் 2001இல் விரிவாக விளக்கினர்.

வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்னும் விலங்கு எதிரியின்மேல் பீய்ச்சும் திரவத்திலும் இதற்கு நெருங்கிய உறவுடைய தயால்களே இருக்கின்றன. ஒளி பட்ட பீரை ஸ்கங்க் நாற்றம் அடித்த பீர் என்று அந்நாட்டார் சொல்வது வெறும் வசைச்சொல் இல்லை, ஏறத்தாழச் சரியான வேதியியலே. நம் மூக்கு இச்சேர்மத்துக்கு அளவுகடந்த கூர்மையுடையது: லிட்டருக்கு நானோகிராம் கணக்கில், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில், சில பங்கு இருந்தாலே பிடிபட்டுவிடும். ஒலிம்பிக் அளவுள்ள நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர் கொள்ளும். அது முழுவதும் பீராக இருந்தால் அதை நாறடிக்க ஓர் அரிசி மணியின் பாதி எடைக்கு மேல் தேவைப்படாது. இதனால்தான் உச்சிவெயிலில் சில நிமிடங்களே போதுமானதாக இருக்கிறது; பீரின் மிகச் சிறிய பங்கே மாறியிருந்தாலும் மூக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது.

இந்த வேதியியலை அறிந்த கண்ணுக்குப் பீர் கடையின் அலமாரியே வேறாகத் தெரியும். பழுப்புக் கண்ணாடி நீல ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைக் கண்ணாடியும் தெளிவான கண்ணாடியும் உள்ளே விடுகின்றன. அலுமினியக் கேனில் இந்தப் பிரச்சினையே இல்லை. தெளிவான புட்டியில் விற்றே தீர வேண்டும் என்னும் நிறுவனங்கள், ஹைட்ரஜன் சேர்த்து மாற்றியமைத்த ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகின்றன. அதிலுள்ள அமிலம் அறுபட்டாலும் நாறும் துண்டு உண்டாவதில்லை. ஹாப்ஸே சேராத பானத்தில் இந்த நாற்றம் வர வழியில்லை. கரிய ஸ்டௌட் வகையோ தன் கருமையாலேயே நீல ஒளியை விழுங்கி ஓரளவு தப்பிக்கிறது. ஆக, விழாவில் வெயிலுக்கு மிகவும் அஞ்ச வேண்டியது, கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வாங்கும், ஹாப்ஸ் மிகுந்த வெளிர்நிறப் பீர்தான்.

சூட்டைக் குற்றம் சாட்டிய நண்பரின் வாதமும் முற்றிலும் வீண் என்று சொல்லிவிட முடியாது. திறந்தவெளியில் குளிர்ந்த பீர் ஊற்றுவது அத்தனை எளிதன்று. மின்சாரக் குளிர்பெட்டி இல்லாத இடங்களில், உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயைச் சுருளாகச் சுற்றி வைத்த ஐஸ் பெட்டி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். 15 மீட்டரோ 30 மீட்டருக்கு மேலோ நீளும் அந்தச் சுருள் ஐஸும் நீரும் கலந்த குளியலில் மூழ்கியிருக்க, பீர் அதற்குள் ஓடி வெளிவரும்போது குளிர்ந்திருக்கும். 25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் பீரை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 88 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உறிஞ்சும் என்பதால், லிட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் செலவாகும். அமெரிக்காவில் வழக்கிலுள்ள 58.7 லிட்டர் கெக் (பீர் உருளை) ஒன்றுக்கு, வழியில் உருகி வீணாவதைச் சேர்க்காமலே, 15 கிலோ வேண்டும். ஊற்றுபவர்கள் நாள் முழுதும் ஐஸ் மூட்டை சுமப்பது இந்தக் கணக்கால்தான்.

அச்சுருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு லிட்டர் பீரில் 5 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் கரைந்திருக்கும். 4 டிகிரியில் திரவம் தாங்கும் வாயுவில் ஏறத்தாழப் பாதியைத்தான் அதே அழுத்தத்தில் 25 டிகிரியில் அது தாங்கும். ஆகவே சூடான பீரைக் குழாயில் திறந்தால் குவளை முழுக்க நுரைதான். நீண்ட, குறுகிய குழாயின் உராய்வு அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வாயு ஒரேயடியாகப் பொங்கி எழாமல் பார்த்துக்கொள்கிறது. குவளையில் எழும் அளவான நுரையை நிலைக்கச் செய்வதோ பார்லிப் புரதங்களும் நம் ஐசோ-ஆல்பா அமிலமும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றிப் பின்னும் தோல். கொழுப்பு பட்டால் அந்தத் தோல் கிழியும். வெயிலுக்காகக் கையிலும் உதட்டிலும் பூசிக்கொள்ளும் களிம்பு குவளை விளிம்பில் ஒட்டினால் நுரை கண்ணெதிரே அடங்கிவிடுவதைக் கோடை விழாக்களில் யாரும் பார்க்கலாம். வறுத்த உருளைக்கிழங்கு தின்ற வாயும் அதே வேலையைச் செய்யும்.

குவளைக்கு வந்தபின் சூடு பல வழியாக ஏறுகிறது. அவற்றுள் பலரும் எண்ணிப்பாராதது வெளிப்புறத்தில் அரும்பும் நீர்த்துளி. குவளை வியர்த்தால் குளிர்ச்சி என்று மனம் நம்புகிறது; நடப்பது இதற்கு நேர்மாறு. காற்றிலுள்ள நீராவி நீராக மாறும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை விட்டுச்செல்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலர்கள் டேல் டுரானும் டார்கன் ஃபிரையர்சனும் 2013இல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரு கேனின்மேல் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்கு நீர் படிந்தாலே உள்ளிருக்கும் பானம் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிவிடும். போர்ட்லண்டின் ஜூலைக் காற்று வறண்டது என்பதால் எங்கள் குவளைகள் அவ்வளவாக வியர்க்கவில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் அதே குவளை பாதி நேரத்தில் வெதுவெதுப்பாகியிருக்கும். சூடேறிய பீர் வாயுவை இழந்து சப்பென்று ஆகும். மணப்பொருள்கள் விரைந்து ஆவியாகி முதலில் தூக்கலாகவும் பிறகு மங்கலாகவும் தெரியும். ஆனால் சில நிமிடச் சூடு தயாலை உண்டாக்காது. இங்கேதான் எங்கள் தகராறு வந்து நின்றது.

ஆசிரியை சொன்ன சோதனை எளியது. அதே குழாயிலிருந்து மூன்று குவளைகளில் அதே பேல் ஏலைப் பிடித்தோம். ஒன்றை அப்படியே வெயிலில் வைத்தோம். இரண்டாவதன் அடி, பக்கம், வாய் அனைத்தையும் உணவுக் கடையில் கேட்டு வாங்கிய அலுமினியத் தாளால் மூடி அதன் அருகிலேயே வைத்தோம். மூன்றாவதைக் கூடாரத்தில் விட்டோம். நிழல் என்றால் முழு இருட்டு என்று பொருளில்லை. வானத்தின் நீலம் அங்கும் சிதறி வந்துகொண்டுதான் இருக்கும், நேர்வெயிலைவிட மிகக் குறைவாக. பதினைந்து நிமிடம் கழித்துத் தாளை அகற்றிவிட்டு, சூட்டுக் கட்சிக்காரரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குவளைகளைத் தொடவிடாமல் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுசென்றோம். முதல் குவளைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இரண்டுக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாமல் இரண்டுமே நிழலில் இருந்தவைதாம் என்றார். பிறகு கண்ணைத் திறந்து இரண்டாவது குவளையைக் கையில் வாங்கினார். அது வெதுவெதுப்பாக இருந்தது, பம்பளிமாஸ் மணம் அப்படியே இருந்தது. ஒன்றும் பேசாமல் அந்த அலுமினியத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த டோக்கன்களுடன் அடுத்த குழாயை நோக்கி நடந்தார்.